மீன் பாடுகின்றதா? - மட்டக்களப்பு வாவியும் உருவகத்தின் சமுதாயப் பணியும்

1

உருவகத்தை அணியிலக்கணத்தின் ஓர் உறுப்பாக மட்டும் கற்பிப்பதே நமது கல்வி மரபில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். 'தாமரைமுகம்' என்பது உவமை, 'முகத்தாமரை' என்பது உருவகம் என மாணவர் வேறுபாடு கண்டு எழுதுகின்றனர். பரீட்சை முடிந்ததும் அதனை மறந்துவிடுகின்றனர். இக்கற்பித்தல் முறையின் அடியில் ஒரு கருதுகோள் மறைந்து கிடக்கின்றது. பொருள் முன்னரே முழுமையாக இருக்கின்றது. அணி அதன்மேற் பூட்டப்படும் நகை. கழற்றி வைத்தாலும் பொருளுக்குக் குறைவில்லை என்பதே அக்கருதுகோள்.

தொல்காப்பியர் இவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. அவர் உவமத்தை அணிகளின் பட்டியலிலன்றிப் பொருளதிகாரத்தில், வாழ்க்கையைப் பற்றிப் பேசும் பகுதியிலே வைத்தார். உவமத் தோற்றத்துக்கு வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினை அடிப்படையாகக் கூறிய அவர், அவற்றுள் வினையை முதலில் வைத்தமை மனங்கொள்ளத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் உருவத்தால் மட்டுமன்றி, செய்யும் செயலாலும் அதனால் விளையும் பயனாலும் மனிதர் ஒன்றனை மற்றொன்றாகக் காண்கின்றனர் என்னும் உண்மை இவ்வகுப்பினுள் அடங்கியுள்ளது.

1980 இல் ஜோர்ஜ் லேக்கொவ், மார்க் ஜோன்சன் என்னும் இருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலொன்று, உருவகம் கவிஞரின் தனியுடைமையன்று, அன்றாடச் சிந்தனையே உருவகங்களால் ஆனது என்று வாதிட்டது. விவாதத்தைப் போராகவும், காலத்தைப் பணமாகவும், மகிழ்ச்சியை மேலாகவும் துயரைக் கீழாகவும் கருதியே நாம் வாழ்கின்றோம் என அவர்கள் எடுத்துக்காட்டினர். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும் அவர்கள் உருவகத்தின் ஊற்றைப் பெரிதும் மனித உடலின் பொது அனுபவத்தில் தேடினர். எவருடைய உடல், என்ன வேலை செய்யும் உடல், எத்தகைய உறவுகளுக்குள் நின்று உழைக்கும் உடல் என்னும் வினாக்கள் அங்கு போதிய அழுத்தம் பெறவில்லை. காலம் பணமாகத் தோன்றுவது கூலிக்கு நேரத்தை விற்கும் சமுதாயத்திலேயே.

ஆகவே ஓர் உருவகத்தை ஆராய்கையில், எது எதனோடு ஒப்பிடப்படுகின்றது என்று கேட்பதோடு அமையாது, அது யாருடைய வாழ்நிலையிலிருந்து எழுந்தது, எதனைப் புலப்படுத்துகின்றது, எதனை மறைக்கின்றது என்றும் வினவுதல் வேண்டும். மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் வழங்கும் சில உருவகங்களைக் கொண்டு இவ்வினாக்களைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உவமை, உருவகம் என்னும் இலக்கண வேறுபாடு ஈண்டு முதன்மையன்று. ஒன்றை மற்றொன்றாகக் காணும் செயல் அனைத்தும் இங்கு உருவகம் என்றே கொள்ளப்படுகின்றது.

2

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்று குறிப்பிடாத மேடைப்பேச்சு அரிது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவியின், கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதியில், நிலவுக் காலத்து அமைதியான இரவுகளில் நீரின் அடியிலிருந்து ஓர் ஒலி கேட்பதாக நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளது. 1950களில் யேசுசபைத் துறவியான லாங் அடிகளார் இதனை ஒலிப்பதிவு செய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. அவ்வொலியை எழுப்பும் உயிர் எதுவென்பது விலங்கியலாளரின் ஆய்வுக்குரியது. ஒரே ஒலி வெவ்வேறு மனிதரால் வெவ்வேறாகப் பெயரிடப்பட்டமையே நமது ஆய்வுக்குரியது.

1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் இவ்வொலியைப் படகிற் சென்று கேட்டு, பின்னர் தமது நூலில் விவரித்தார். அவர் அப்போது இலங்கையின் குடியேற்றச் செயலாளர். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, அன்றேல் அதற்கு ஈடான பணம் என்னும் சட்டத்தையும் வேறு வரிகளையும் விதித்து, அவ்வாண்டு ஜூலையில் மாத்தளைப் பகுதியில் வெடித்த கிளர்ச்சியைக் கடுமையாக அடக்கிய ஆட்சியின் முதன்மை அதிகாரிகளுள் ஒருவர். அவர் செவியில் வாவியின் ஒலி எவ்வாறு பட்டது? ஈரவிரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லதிர்வை ஒத்ததாகப் பட்டது. ரெனன்ற் நேர்மையான அவதானிப்பாளர். அவரது விவரணம் நுட்பமானது. எனினும் விருந்து மேசையில் அமர்பவர்க்கே அவ்வுவமை கைவரும். வாவியின் அடியிலிருந்து வந்த ஒலி கனவானின் மேசைக்கு ஏறிவிட்டது.

அதே நூலில் அவர் மற்றொரு செய்தியையும் பதிவுசெய்துள்ளார். அவரை அழைத்துச் சென்ற மீனவர்கள் இவ்வொலி ஒருவகை ஊரியிலிருந்து எழுவதாக நம்பினர்; அதற்கு அவர்கள் வழங்கிய தமிழ்ப் பெயரை, கத்தும் அல்லது அழும் ஊரி என்று பொருள்பட அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் கையாண்ட ஆங்கிலச் சொல் அழுதலையும் கூவுதலையும் ஒருங்கே குறிக்கும். எவ்வாறு கொள்ளினும் அது பாடுதல் அன்று. வறட்சிக் காலத்திலேயே ஒலி கேட்கும், மழைவெள்ளம் வாவியில் நிறைந்ததும் அது நின்றுவிடும் என்பதையும் மீனவர்களே அவருக்குக் கூறினர். இப்பெயரீட்டுடன் பருவத்தையும் நீரின் தன்மையையும் பற்றிய அறிவு இணைந்திருக்கின்றது. அது தொழிலிற் பிறந்த உருவகம்.

இன்று வழங்கும் தொடரில் ஊரி மீனாகிவிட்டது, கத்துதல் பாடுதலாகிவிட்டது. இம்மாற்றத்தை வெறும் பொய்ம்மை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது பிழையான திறனாய்வாகும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892 - 1947) இவ்வொலியை நீரரமகளிரின் இசையாகப் பாடினார். அதே அறிஞர்தாம் 1947 இல் வெளிவந்த யாழ் நூலில், பண்டைத் தமிழிசையின் சுருதிகளைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். குடியேற்ற ஆட்சியின்கீழ்ப் பண்பாட்டுத் தாழ்வு கற்பிக்கப்பட்ட ஒரு பிரதேசத்துக்கு, 'எமது நீரே இசையறியும்' என்னும் கூற்று நிமிர்வை அளித்தது. அடிகள் கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தவர் என்பதையும் சேர்த்து நோக்கினால், அவருடைய உருவகம் ஒரு சமுதாயப் பணியின் பகுதியாக இருந்தமை புலனாகும்.

ஆனால் உருவகங்கள் தம்மை ஆக்கியோரின் கையிலேயே தங்கிவிடுவதில்லை. எழுச்சிக்குரிய உருவகம் பின்னர் விளம்பரத்துக்குரியதாகலாம். யாழேந்திய மீன்மகள் சின்னமாகவும் சிலையாகவும் நிற்கின்றாள். 'தேன்நாடு' என்பது உல்லாசப் பயணிக்கு உரைக்கும் வரவேற்புரையாகின்றது. பாடும் மீனைப் பற்றிப் பேசுவோர் அம்மீனைப் பிடித்து வாழ்பவரைப் பற்றிப் பேசுவது குறைவு. வலையின் விலை, மீனுக்குக் கிடைக்கும் விலை, வாவிக்குள் விழும் கழிவு ஆகியவை அத்தொடருள் நுழைய இயலாதவை. மீனே பாடுமாயின் மீனவன் எதற்கு அழவேண்டும் என்பதே அத்தொடர் கூறாமற் கூறும் வாதம். உருவகத்தின் கருத்துநிலைப் பணி இவ்வாறே நிகழ்கின்றது. அது பொய் சொல்வதில்லை. ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றாதபடி செய்கின்றது.

3

வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமும் என்பதற்கு மேல் இப்பெயர்களில் ஒன்றுமில்லை என்று முதலிற் தோன்றும். அழகான பெயர்கள், வயலிலும் நீரிலும் வானைப் பார்த்து வேலை செய்தவர்கள் இட்ட பெயர்கள். ஆயினும் 'எழு', 'படு' என்னும் வினைகள் திசையோடு நின்றுவிடுபவையல்ல. எழுதல் உயர்தலாகவும், படுதல் வீழ்தலாகவும் அழிதலாகவும் தமிழிற் பொருள்படும்.

இப்பொருள்விரிவு இயற்கையானது, தவிர்க்கவியலாதது என்று கூறுவோருக்குத் தமிழ்மொழியே மறுமொழி தருகின்றது. 'கிழக்கு' என்னும் சொல் 'கீழ்' என்பதன் அடியாகப் பிறந்தது. 'மேற்கு' என்பது 'மேல்' என்பதன் அடியாகப் பிறந்தது. உவமையால் ஒன்றைத் தாழ்த்திக் கூறுவதைத் தொல்காப்பியர் 'கிழக்கிடுதல்' என்றே சுட்டுவார். மேற்கே மலையும் கிழக்கே கடலும் கொண்டு சரிந்து கிடக்கும் நிலத்தில் வாழ்ந்தோர் கிழக்கைத் தாழ்வாகக் கண்டனர். அதே மொழியைப் பேசும் வாவிக்கரை மக்களோ கிழக்கினை எழுச்சியாகக் கண்டனர். ஆகவே எத்திசையும் தன்னளவில் உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. மனிதர் தம் நிலத்தின்மேல் வைக்கும் அளவுகோலே திசைக்கு மதிப்பைத் தருகின்றது.

படுவான்கரை பண்டு தாழ்ந்ததாகக் கருதப்பட்டதற்கான அடையாளங்கள் இல்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயமும் மண்டூர் முருகன் ஆலயமும் அக்கரையிலேயே உள்ளன. பிரதேசத்தின் நெல்வளத்தில் பெரும்பங்கு அவ்வயல்களினது. ஆனால் நிருவாகம், கல்லூரிகள், வைத்தியசாலை, கரையோரப் பெருவீதி ஆகியன எழுவான்கரையிலும் நகரிலும் குவிந்தன. வயல் படுவான்கரையிலும் போடியாரின் வீடு பெரும்பாலும் எழுவான்கரையிலும் அமைந்தபோது, விளைவு ஒரு கரையிலும் அதன் பயன் மறுகரையிலும் சேர்ந்தன. இவ்வுற்பத்தியுறவே திசைப்பெயர்களுக்குப் புதிய பொருளை ஊட்டியது. 'படுவான்கரையான்' என்னும் சொல் ஏளனக் குறிப்போடு வழங்கத் தொடங்கியபோது, சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு ஞாயிற்றின் இயக்கம்போல் இயல்பானதாகத் தோற்றமளித்தது. வரலாறு இயற்கையின் உடையை அணிந்துகொண்டது.

போர்க்காலம் இதன்மேல் மற்றோர் உருவகத்தை ஏற்றியது. 2007 இல் அரசபடைகள் கைப்பற்றும்வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், படைத்தரப்பின் ஆங்கில வழக்கு நிலத்தைக் 'கிளியர்ட்' என்றும் 'அன்கிளியர்ட்' என்றும் பிரித்தது. அச்சொல்லின் பொருள் துப்புரவாக்கல். காட்டை வெட்டிக் களைகின்றோம். குப்பையைக் கூட்டி அகற்றுகின்றோம். துப்புரவாக்கப்படாத நிலம் என்று பெயரிடப்பட்டவுடன், அங்கு நெல் விதைத்து, பிள்ளை பெற்று, சந்தைக்கு வந்து திரும்பும் மனிதர்கள் களைகளின் வரிசையில் நிறுத்தப்பட்டுவிடுகின்றனர். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் பொதுமக்கள் படுகொலை செய்யப்பட்டனர். அக்கொலைகளைச் சொற்கள் செய்யவில்லை; துப்பாக்கிகளே செய்தன. ஆயினும் இத்தகைய கொலைகளைச் செய்தித்தாளில் ஒரு வரியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும் மனநிலையைச் சொற்களே ஆயத்தம் செய்கின்றன.

4

இதுவரை பிரித்துவைக்கும் உருவகங்களைக் கண்டோம். இணைத்துவைக்கும் உருவகமும் ஆராய்ச்சிக்குரியதே. கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' வாழ்ந்தவர்கள் என்பது இப்பிரதேசத்தின் மிகப் பரவலான கூற்று. அடுக்களையிற் பிறந்த இவ்வுவமை நெஞ்சைத் தொடுவது. ஒரே குழலில், ஒரே ஆவியில், ஒன்றன்மேல் ஒன்றாக வேகும் மாவும் பூவும் தனித்தனியே நின்று சுவை தருவதில்லை. இதற்கு உண்மையான அடிப்படையும் உண்டு. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்தாருக்கும் பொதுவாக இருந்தது. ஊர்கள் அடுத்தடுத்து அமைந்தன. வயலும் சந்தையும் பொதுவாயின. பேசிய மொழியும் ஒன்றே.

எனினும் பிட்டும் தேங்காய்ப்பூவும் தாமாகக் குழலுக்குள் நுழைவதில்லை. உவமை, உறவை ஓர் ஆக்கப்பட்ட பண்டமாகக் காட்டுகின்றது. அதனை ஆக்கும் கைகளைக் காட்டுவதில்லை. காணி எவரிடம் இருந்தது, கூலி எவர் கொடுத்தார், கடன் எவர் வாங்கினார், அரச பதவிகளும் குடியேற்றத் திட்டக் காணிகளும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பவற்றை அது பேசுவதில்லை. நல்லுறவை இயற்கையாகக் கருதியமையால், அதனைப் பேணுவதற்கு அரசியல் உழைப்புத் தேவை என்பது மறக்கப்பட்டது.

1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். சில நாட்களில் ஏறாவூரில் மேலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனையிலும் அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் தமிழர் கொல்லப்பட்டனர். அந்நாட்களின் பின் அவ்வுவமையைக் கேட்பவர்க்கு இரண்டு வழிகளே எஞ்சின. ஒன்று, அது என்றுமே பொய் என்று கைவிடுவது. மற்றது, 'எங்கிருந்தோ வந்தவர்கள் கெடுத்துவிட்டனர்' என்று கூறி அதனைப் பழைய நிலையிலேயே காப்பது. முதலாவது வெறுப்புக்கும் இரண்டாவது தன்னேய்ப்புக்கும் இட்டுச்செல்வன. உவமையின் உண்மைப் பகுதியை ஏற்று, அது மறைத்த முரண்பாடுகளை வெளிக்கொணர்ந்து, உறவை மீண்டும் கட்டவேண்டிய பணியாகக் காண்பதே மூன்றாவது வழி. முற்போக்குத் திறனாய்வு இதனையே மேற்கொள்ளுதல் வேண்டும். காத்தான்குடியைப் பற்றித் தமிழரும் வீரமுனையைப் பற்றி முஸ்லிம்களும் வாய்திறக்கும் இடத்திலேயே அப்பணி தொடங்கும்.

5

பிறருடைய உருவகங்களை ஆராய்பவர் தமது உருவகங்களை ஆராயாது விடுதல் நேர்மையன்று. மார்க்ஸியத் திறனாய்வாளராகிய நாம் நாளும் கையாளும் 'அடித்தளம்', 'மேற்கட்டுமானம்' என்பனவும் உருவகங்களே. கட்டடத் தொழிலிலிருந்து பெறப்பட்டவை. அரசியற் பொருளாதாரம் பற்றிய தமது நூலின் முன்னுரையில் மார்க்ஸ் இதனை 1859 இல் எழுதினார். மனித உணர்வு வானத்திலிருந்து இறங்கியது என்ற மயக்கத்தை அவ்வுருவகம் தகர்த்தது. ஆனால் அதனை உருவகம் என்று மறந்து வரைபடமாகக் கொண்டவர்கள், இலக்கியத்தைக் கூரையாகவும் பொருளாதாரத்தை அத்திவாரமாகவும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை நேராகக் கணித்துவிடலாம் என்று எண்ணினர். இவ்வுருவகத்தின் இறுக்கத்தை றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் எழுதிய கட்டுரையில் மறுபரிசீலனை செய்தார். அடித்தளம் என்பது நிலையான பொருளன்று, மனிதரின் இயங்கும் செயற்பாடு என்பதை வலியுறுத்தினார்.

'கண்ணாடி'யும் அத்தகையதே. லெனின் 1908 இல் ரோல்ஸ்ரோயை ரஷ்யப் புரட்சியின் கண்ணாடி என்றார். அவ்வாறு கூறியவரே, நிகழ்ச்சிகளைச் சரிவரப் பிரதிபலிக்காத ஒன்றைக் கண்ணாடி என்பது எவ்வாறு பொருந்தும் என்னும் தடையையும் எழுப்பிக்கொண்டார். தமது உருவகத்தின் எல்லையை அறிந்தே அவர் அதனைக் கையாண்டார். நம்மிற் பலர் கண்ணாடியை வைத்துக்கொண்டோம், தடையை விட்டுவிட்டோம். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் தோன்றிய காலந்தொட்டு நாம் தாங்கிவரும் 'முற்போக்கு' என்னும் சொல்லும் ஓர் உருவகமே. வரலாற்றை ஒரு வழியாகவும் நம்மை அதன் முன்வரிசையிற் செல்வோராகவும் அது காட்டுகின்றது. எழுவான், படுவான் என்னும் திசைகள் மதிப்பாக மாறியவாறே முன்னும் பின்னும் மதிப்பாக மாறின. 'பிற்போக்கு' என்று பெயரிட்டவுடன், அவ்வாறு பெயரிடப்பட்டவரின் வாழ்க்கையைப் படிக்கும் கடமையிலிருந்து விடுபட்டதாக நாம் கருதிய சந்தர்ப்பங்கள் பல. சாதியையும் இனத்தையும் மதத்தையும் வர்க்கத்தின் நிழல்கள் என்று கூறி நகர்ந்தமைக்குக் கிழக்கிலங்கை கொடுத்த விலையில் நமக்கும் பங்குண்டு.

உருவகத்தைக் கைவிடுவது இதற்குத் தீர்வன்று. உருவகமின்றிச் சிந்திக்கவும் இயலாது. மறைக்கும் உருவகத்துக்கு மறுமொழி, வெளிப்படுத்தும் உருவகமே. கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டமை குறித்து எழுதிய 'புத்தரின் படுகொலை' இதற்குச் சான்று. நூல்களின் எரிப்பைப் புத்தரின் கொலையாக அக்கவிதை காண்கின்றது. எரித்தோர் எவரின் பெயரால் ஆட்சி நடத்துவதாகக் கூறினரோ, அவரையே கொல்லப்பட்டவராக நிறுத்துவதன் மூலம், ஆதிக்கக் கருத்துநிலையின் உள்முரண்பாட்டை அது அதன் சொந்தச் சின்னத்தைக் கொண்டே வெளிப்படுத்துகின்றது. பாதிக்கப்பட்ட இனத்தின் புலம்பலாக மட்டும் அது நின்றிருப்பின் சிங்கள வாசகர் அதனைப் பிறரது துயரமாகக் கடந்து சென்றிருக்கலாம். உருவகம் அவரையும் உள்ளே இழுத்துக் கேள்வி கேட்கின்றது. இங்கு உருவகம் அணியன்று. அரசியற் சிந்தனையின் வடிவம்.

6

உருவகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லல்' என்பதே பொருள். வாவிக்கரை மக்களுக்கு இது விளங்காத கருத்தன்று. ஆட்களையும் மாட்டையும் நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லும் மிதவையை அவர்கள் 'பாதை' என்று அழைக்கின்றனர். நிலத்திற் கிடக்கும் வழிக்கும் நீரில் மிதக்கும் தட்டுக்கும் ஒரே சொல்.

மண்முனையில் நெடுங்காலம் அத்தகைய பாதையே இரு கரைகளையும் இணைத்தது. 2014 இல் ஜப்பானிய உதவியுடன் அங்கு பாலம் திறக்கப்பட்டது. நோயாளியும் மாணவரும் விளைபொருளும் விரைந்து கடக்கின்றமை பெரும் பயனே. ஆனால் பாலம் வந்ததும் படுவான்கரை எழுவான்கரைக்குச் சமமாகிவிட்டது என்று கொள்வதற்கில்லை. கரைகளுக்கிடையிலான தூரம் நீரால் மட்டும் ஆனதன்று. காணியால், கல்வியால், பெயரால் ஆனது. முதலிரண்டையும் மாற்றும் பொறுப்பு மக்களின் அரசியல் இயக்கங்களுக்குரியது. பெயரால் ஆன தூரத்தை அளந்து காட்டும் பொறுப்பு இலக்கிய மாணவருக்கும் உண்டு.

தண்டியலங்காரத்தைத் தொடர்ந்தும் கற்பிப்போம். அதனோடு, வகுப்பறைக்கு வெளியே வழங்கும் உருவகங்களை மாணவர் திரட்டிவந்து, ஒவ்வொன்றையும் யார் சொன்னார், எந்த வேலையிலிருந்து சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று வினவவும் பழக்குவோம். மீன் பாடுகின்றதா என்று கேட்கும் மாணவர், வாவியில் வலை வீசுபவரிடம் சென்று அதனைக் கேட்கவேண்டும். 1848 இல் ரெனன்ற் அவர்களிடம் கேட்டார். கேட்டதை எழுதியும் வைத்தார். நமது மேடைகள் இன்னும் அதனைக் கேட்கவில்லை.